கொக்கிக்குப் புது மோட்டாரு

மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவுல சேத்துல எறங்குன எந்த வண்டியும் கொக்கிகிட்ட திட்டு வாங்காம கரையேறுனதா சரித்திரமே கிடையாது. டிராக்டரு, லாரி, காலேஜ் பஸ்ஸு, கல்யாண வேனு எல்லாம் வாங்கியிருக்கு. ஒரு தடவ மாட்டுன லாரியத் தூக்க வந்த கிரேனும் மாட்டிக்கிட்டு, அதுவும் வாங்கிக்கட்டிக்கிட்டுத்தான் ஊர் போய்ச் சேந்துச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷன். எனக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். இப்பவும் எரியுது. மொதல்லயே சொல்லிட்டேன், அப்பறம் பாதில வந்து "இந்தாளு ஏன் இப்புடிப் பொருமுறான்"னு கேக்கக் கூடாது.

அவரு பேரு என்னன்னு எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. ஆதார் கார்டுல என்னவோ இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலயே "கொக்கி அண்ணன்"னுதான் எழுதிக் குடுப்பாங்க. அவர்கிட்ட ஒரு பழைய ஜீப்பு. ஜீப்போட முன் பம்பர்ல ஒரு வின்ச்சு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரு உருளை, அதுல சுத்துன இரும்புக் கயிறு, கயித்து நுனில ஒரு கொக்கி, உருளைக்குப் பக்கத்துல ஒரு மோட்டாரு. கொக்கிய மாட்டுன வண்டியில கோத்துட்டுப் பொத்தானை அமுக்குனா, மோட்டாரு சுத்தி கயிறு உள்ள வரும், கயித்தோட வண்டியும் வரும். அவ்ளோதான் விஷயம். இந்த அவ்ளோதானை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் சுத்துப்பட்டு ஊரையெல்லாம் கைக்குள்ள போட்டுக்கிட்டா, பாத்துக்கிட்டு இருக்கறவனுக்கு எப்புடி இருக்கும்?

வின்ச்சை மரத்தோட சேத்துக் கட்டறதுக்கு அகலமா ஒரு பெல்ட்டு உண்டு. அதை மடிச்சு, துண்டு போட வேண்டிய தோள்ல போட்டுக்குவாரு. கல்யாணத்துக்கும் அதான், காரியத்துக்கும் அதான். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல ஆரஞ்சு கலர் பெல்ட்டு. மண்டபத்துல முன் வரிசையில போய் உக்காந்துக்குவாரு. பொண்ணு மாப்ளைய விட்டுட்டு போட்டோக்காரன் இவரத்தான் எடுத்துக்கிட்டு இருப்பான்.

வண்டிங்ககிட்ட அவரு பேசற அழகு இருக்கே, அது தனி. ஆரம்பத்துல ரொம்ப மரியாதை. "வாங்க... எந்திரிங்க... அப்புடித்தான், அவசரமில்ல, மெதுவா வாங்க"ம்பாரு. வண்டி அசையலன்னா "வாப்பா, இன்னும் என்னப்பா ரோசன?"ம்பாரு. அதுக்கும் அசையலன்னா "எந்திரிடா டேய், சோத்துக்கு வந்தவனே!" தான். அவரு வாயில மரியாதை கொறையக் கொறையக் கயிறு விறைக்குதுன்னு அர்த்தம். 'டேய்' வந்துட்டா ஊரே பத்தடி பின்னால தள்ளி நின்னுக்கும். கர்நாடகா நம்பர் லாரின்னா கன்னடத்துலதான் பேசுவாரு. அந்த வண்டிக்குத் தமிழ் புரியாதாம்.

காசு வாங்க மாட்டாரு. வண்டில என்ன சுமை இருக்கோ அதுல ஒரு கை. மரவள்ளி லாரின்னா கெழங்கு, தக்காளி வேனுன்னா தக்காளி. அவரு வூட்டு மதில் சுவரு மொத்தமும் சேத்துல மாட்டுன செங்கல் லாரிங்கதான். ஸ்கூல் பஸ்ஸ இழுத்து விட்ட அன்னிக்கி மட்டும் என்ன கேக்கறதுன்னு அவருக்கே தெரியல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஜன்னல் சீட்ல ஏறி உக்காந்து, ஊரை ஒரு சுத்து சுத்தி வரச்சொல்லி, தெருவெல்லாம் டாட்டா காட்டிட்டு எறங்குனாரு.

அவரோட பழைய மோட்டாரு, அது ஒரு கதை. எத்தன தடவ காயில் கட்டுனாங்கன்னு கட்டுனவனுக்கே மறந்து போச்சு. ரெண்டு மொழம் இழுத்தா சூடேறி நின்னுக்கும். உடனே இவரு புளிய மரத்தடில பெல்ட்ட விரிச்சு உக்காந்து, "சூடு ஆறட்டும்"பாரு. ஆறுற வரைக்கும் கதைதான். வண்டிக்காரன் மோரு கொண்டாருவான், காட்டுக்காரன் நெலக்கடல வறுத்துக் கொண்டாருவான், பஸ்ஸுல போறவன் எறங்கி வந்து நிப்பான். காலைல மாட்டுன வண்டி சாயங்காலந்தான் வெளிய வரும். அதுக்குள்ள அந்த எடத்துல ஒரு திருவிழாவே நடந்து முடிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் பாத்துப் பாத்துத்தான் நானும் ஒரு பிக்கப் வண்டி வாங்குனேன். முன்னாடியே வின்ச்சு வெச்ச வண்டி. எங்க வூட்டம்மாகிட்ட மாங்கா லோடு அடிக்கன்னு சொன்னேன். மாங்காயாவது, தேங்காயாவது! வாங்குனது முழுக்க முழுக்க வயித்தெரிச்சல்ல.

மொத கிராக்கி ஒரு மரவள்ளி டிராக்டருக்காரரு. போனேன், கோத்தேன், அமுக்குனேன். ரெண்டு நிமிஷத்துல வண்டி ரோட்டு மேல நின்னுச்சு. பாராட்டுவாருன்னு பெருமையா நிக்கறேன். அவரு என்னையும் வண்டியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதாங்க."

"ஓ..."ன்னாரு. ஏதோ பந்தியில பாதி சாப்பாட்டுல எலைய எடுத்த மாதிரி மூஞ்சி. ஏறிப் போயிட்டாரு. அடுத்த மழைக்கு அதே ஆளு, அதே எடத்துல, மறுபடி மாட்டிக்கிட்டாரு. கூப்புட்டது கொக்கிய. அந்த வழியா போன நான் வண்டிய நிறுத்தி அவர்கிட்ட நேராவே கேட்டுட்டேன்.

"ஏங்க, நான் நல்லாத்தான இழுத்தேன்?"

"நீங்க வந்தா வேல முடிஞ்சிருதுங்களே"ன்னாரு, ஏதோ குத்தம் சொல்ற மாதிரி. சொல்லிட்டு, அவிச்ச கெழங்கு தட்ட எடுத்துக்கிட்டு கொக்கி கதைக்கு ஓடுனாரு.

ஊராரு போகட்டும். என் மாமனாரு இருக்காரே, அவருதான் என்னைக் கொன்னே போட்டாரு. பக்கத்து ஊரு, ஏரியோரம் காடு, சொந்த டிராக்டரு. எங்க வூட்டுக்கு வந்தா, செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே "கொக்கி இருக்காருங்களா?"ம்பாரு. எம் பையன் காதுகுத்துல அவரு பேரனோட உக்காந்ததவிட கொக்கியோட உக்காந்ததுதான் அதிகம். எங்க வூட்டம்மாவும் அப்பனுக்குத் தப்பாத பொண்ணு. எனக்கு வெக்கிற களி உருண்டை எலுமிச்சம்பழ அளவு, கொக்கி வந்தா தேங்கா அளவு. கேட்டா, "அண்ணன் இழுக்கற ஆளு, தெம்பு வேணாமா?"ம்பா. நான் என்ன, காத்தாடியா விடறேன்?

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எம் மாமனாரு வாயால, "மாப்ளைங்க, வண்டி மாட்டிக்கிச்சு, வாங்க"ன்னு ஒரு தடவ சொல்லணும். அவ்ளோதான். வேற யாரு கூப்புட்டாலும் கூப்புடாட்டியும் கவலையில்ல. அதுக்காகவே வாராவாரம் வின்ச்சுக்கு எண்ணெ போட்டு, கயித்தத் தொடச்சு, தயாரா வெச்சிருந்தேன்.

போன வருஷம் கொக்கியோட மோட்டாரு ஒரேயடியா கண்ண மூடிருச்சு. செங்கல் லாரிய இழுக்கறப்ப பொகையா வந்து, நாத்தம் அடிச்சு, நின்னுபோச்சு. சத்தியமாச் சொல்றேன், செய்தி வந்தப்ப நான் ஒரு டம்ளர் காப்பி கூடக் குடிச்சேன். இனிமே ஊருக்கு நான்தான்னு மீசைய முறுக்கிக்கிட்டு வெளிய வந்தா, தெருவே அவரு வூட்டு வாசல்ல நிக்குது. ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்கறாங்க. எங்க வூட்டம்மா பெரிய தூக்குப் போசில களியும் கீரையும் எடுத்துக்கிட்டுப் போறா.

அந்த வாரமே கோயம்புத்தூர்ல இருந்து பஸ் பார்சல்ல அரூருக்கு ஒரு பெட்டி வந்துச்சு. புது மோட்டாரு. பழசவிட ரெண்டு மடங்கு சக்தியாம். எனக்குக் காதுல பொகை வந்துச்சு. ஓட்ட மோட்டார வெச்சுக்கிட்டே இந்தாட்டம் ஆடுன மனுஷன், புதுசு கெடச்சா எம் பொழப்பு என்னாகறது? அதே பொகையோட நிக்கறப்ப வாசல்ல கொக்கி.

"தம்பி, உன் வண்டிய ஒரு நாளைக்கிக் குடு."

"எதுக்குண்ணே?"

"உன் வின்ச்சும் என் வின்ச்சும் ஒரே மாடலு. உன்னோடதக் கழட்டி உள்ள எப்புடி இருக்குன்னு பாத்துக்கிட்டு, அப்பறம் என்னோடத மாட்டிக்கறேன்."

"அண்ணே, அது புது வண்டிண்ணே!"

"அதுக்குத்தான கேக்கறேன். என்னுதுல எல்லாம் தேஞ்சு கெடக்கு, அதப் பாத்து என்ன தெரியும்?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அடுப்படில இருந்து குரலு. "குடுங்களேன், அண்ணன் என்ன திங்கவா போறாரு?"

சாவிய எடுத்துக் குடுத்ததும் அவதான். எங் கண்ணு முன்னாடியே எம் புது வின்ச்சப் பிரிச்சு, மோட்டார உருவி, சாக்குல படுக்க வெச்சாரு. பக்கத்துல அவரோட புது மோட்டார வெச்சாரு. கொடத்துக்குப் பக்கத்துல சொம்பு வெச்ச மாதிரி இருந்துச்சு. தெருப் பசங்க சிரிச்சானுங்க. "உன்னோடதும் நல்லாத்தான் இருக்குது தம்பி"ன்னு கொக்கி என் முதுகத் தட்டிக் குடுத்தாரு. அந்தத் தட்டு இருக்கே, அது அடியவிட மோசம்.

புது மோட்டாரோட தண்டு, உருளைக்குள்ள இருக்கற குழியில பிசகாம உக்காரணும். கொஞ்சம் கோணுனாலும் போல்ட்டு ஏறாது. ஏறாதுன்னு நானும் மனசார நெனச்சுக்கிட்டு நிக்கறேன். மனுஷன் தண்டுல கிரீஸத் தடவி, கண்ண மூடிக்கிட்டு, லேசாத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "வாங்க... வந்து உக்காருங்க... இது உங்க வூடுதான்"னாரு. 'டக்'குனு உக்காந்துருச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அடுத்தது ஒயரு. கட்டவெரல் தடிமன்ல கறுப்பு ஒயருங்க, எல்லாம் பாக்க ஒண்ணு போல இருக்கும். அதுல ரெண்ட மாத்திக் குடுத்துட்டா மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்தும். பழசக் கழட்டறப்பவே கொக்கி அடையாளம் வெச்சிருந்தாரு, அவரு பாணியில. கயித்த உள்ள இழுக்கற ஒயருக்குக் குங்குமம், வெளிய விடற ஒயருக்கு விபூதி. "பேனாவுல எழுதுனா கிரீஸுல அழிஞ்சிரும் தம்பி, இத சாமி பாத்துக்கும்"னாரு.

சாமி பாத்துக்கிச்சோ என்னவோ, அவரு சம்சாரம் பாத்துட்டாங்க. மறுநாள் பூஜை. புது மோட்டாரு வந்திருக்குன்னு அண்ணி விடிஞ்சதும் ஜீப்ப முழுசாத் தொடச்சு, ஒயருங்களையும் சுத்தமாத் தொடச்சு, எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வெச்சு அலங்காரம் பண்ணிட்டாங்க. கொக்கி வந்து பாத்தா எல்லா ஒயரும் மங்களகரமா இருக்கு.

"ஏம்மே, விபூதி வெச்ச ஒயரு எங்கம்மே?"

"பூஜையன்னிக்கி ஒண்ணுக்கு மட்டும் விபூதியப் பூசி அழ வெக்கறதா? எல்லாத்துக்கும் ஒண்ணு போலத்தான் வெக்கணும்."

கொக்கி ரெண்டு ஒயரையும் கையில புடிச்சு எடை பாக்கற மாதிரி பாத்தாரு. அப்பறம் குங்குமம் பெருசா இருந்தத இழுக்கற பக்கம் மாட்டிட்டாரு. எனக்குப் பொறுக்கல.

"அண்ணே, எதுக்கும் ஒரு தடவ சும்மா சுத்திப் பாத்துரலாம்ணே."

"சும்மாவா?" கொக்கிக்குக் கோவமே வந்துருச்சு. "மொத சுத்து சுமையோடதான் சுத்தணும். வெறுங்கையோட சுத்திப் பழகிட்டா மோட்டாரு சோம்பேறி ஆயிரும். உன்னோடத அப்புடித்தான் கெடுத்து வெச்சிருக்க."

சுமைக்கு எங்க போறது? ஒருத்தனும் மாட்டல. மழையே இல்லாத நேரம். கொக்கி தெனமும் ரோட்டு முக்குல ஜீப்ப நிறுத்தி, போற வர்ற லாரிய எல்லாம் ஏக்கமாப் பாத்துக்கிட்டு நின்னாரு. தெரிஞ்ச டிரைவருங்ககிட்ட, "ஏம்பா, எப்பப் பாரு ரோட்டு நடுவுலயே போற, கொஞ்சம் எறங்கிப் போனா என்ன?"ன்னு கேட்டுருக்காரு. அப்பறம் ஒரு சாயங்காலம் நல்ல மழை புடிச்சுச்சு. மறுநாள் காலைல எம் போனு அடிக்குது. மாமனாரு!

"மாப்ளைங்க, டிராக்டரு ஏரில மாட்டிக்கிச்சுங்க."

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வண்டல் மண்ணு எடுக்க ஏரிக்குள்ள போயிருக்காரு, மண்ணோட டிப்பரு பொதைஞ்சு போச்சு. போன காதுல வெச்சுக்கிட்டே சட்டைய மாட்டுனேன். "இதோ கெளம்பிட்டேங்க மாமா!"

"அட, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? கொக்கி போன எடுக்க மாட்டேங்கறாரு. நாலு வூடு தள்ளித்தான இருக்காரு, ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துருங்க."

நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஆனாலும் போய்ச் சொன்னேன். கொக்கி பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவரு, நுரையோடயே ஜீப்புல ஏறிட்டாரு. அண்ணியும் பூசணிக்கா, கற்பூரத்தோட ஏறிக்கிட்டாங்க. நானும் எம் பிக்கப்ப எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. வயித்தெரிச்சல் புடிச்சவனுக்கு வூட்டுல இருப்பு கொள்ளாது.

ஏரிக்கரை முழுக்க ஜனம். எம் பிக்கப்பக் கரை மேல நிறுத்திக்கிட்டேன். கொக்கி ஜீப்ப ஏரிக்குள்ள எறக்கி, கொக்கிய டிராக்டர்ல கோத்து, கயித்து மேல சாக்கப் போத்துனாரு. கயிறு அறுந்தா துள்ளி அடிக்காம இருக்க அது. பூசணிக்கா ஒடைச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. எம் மாமனாரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு மோட்டாரப் பாத்துக் கும்புட்டாரு. பொண்ணக் கட்டுன எனக்கு அந்தக் கும்புடு கெடச்சதில்ல.

"வாங்க"ன்னு சொல்லிக் கொக்கி பொத்தான அமுக்குனாரு. மோட்டாரு ஜம்முனு சுத்துச்சு. கயிறு விறைக்கறதுக்குப் பதிலா தொளதொளன்னு தொங்குச்சு. உள்ள வர வேண்டிய கயிறு வெளிய போய்க்கிட்டு இருக்கு!

"வாங்கங்கறேன், எங்கீங்க போறீங்க?"ன்னு கொக்கி கேக்கறாரு. கயிறு இன்னும் வேகமாப் போவுது. கரையே சிரிச்சுச்சு. நான் மட்டும் சிரிக்கல. எனக்குச் சிரிக்கக்கூட நேரமில்ல, அவ்ளோ சந்தோஷம். எறங்கிப் போயி, பேட்டரி இணைப்ப எடுத்துட்டு, அந்த ரெண்டு தடி ஒயரையும் எடம் மாத்தி முடுக்கி, பேட்டரிய மறுபடி கோத்தேன். மாமனாரு பாக்கறாரான்னு ஓரக்கண்ணுல ஒரு பார்வ. அவரு அந்தப் பக்கம் திரும்பி அண்ணிக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

மறுபடி அமுக்குனாரு. இப்பக் கயிறு விறைச்சுச்சு. "வாங்க... எந்திரிங்க..."ன்னு ஆரம்பிச்சவரு ஜீப்புல உக்காந்தபடியே முன்னால போறாரு. டிராக்டரு அசையல. புது மோட்டாருக்கு இருக்கற சக்திக்கு, மண்ணுல பொதைஞ்ச டிராக்டர இழுக்கறதவிட ஈரத்துல நிக்கற ஜீப்ப இழுக்கறது சுலபமாப் போச்சு. பிரேக்கு மேல ஏறி நிக்கறாரு, ஜீப்பு பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போவுது. டிராக்டரு மூக்கும் ஜீப்பு மூக்கும் முட்டிக்கப் போற எடத்துல கைய எடுத்தாரு.

"பின்னாடி எதுலயாவது கட்டணும்"னு கத்துனாரு. ஏரிக்குள்ள ஏது மரம்? சீமைக் கருவேலந்தான், இழுத்தா வேரோட வந்துரும். மாமனாரு சுத்திப் பாத்தாரு. கரை மேல எம் பிக்கப்பு. அவரு மூஞ்சி அப்புடியே மலந்துச்சு.

"அதுக்குத்தான் நம்ம மாப்ள வண்டி இருக்குதே!"

என்னமா வளத்த ஆசை, பாத்தீங்களா? ஜீப்ப ரிவர்ஸ் எடுத்து, அது பின்னாடி கயித்தப் போட்டு, மறுநுனிய எம் வண்டில கட்டுனாங்க. எம் புது பிக்கப்ப, வின்ச்சு வெச்ச வண்டிய, மாடு கட்டற மொளக்குச்சியா ஆக்கிட்டாங்க. நான் பிரேக்க மிதிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன். முன்னாடி கொக்கி 'டேய்'ல வந்து நிக்கறாரு, ஜனம் பத்தடி தள்ளி நிக்குது. டிராக்டரு மூக்கத் தூக்கி, முக்கி, மொனகி வெளிய வந்துச்சு. விசிலு, கைதட்டலு. மாலைய மோட்டாருக்குப் போட்டாங்க. மாமனாரு எங்கிட்ட வந்து தோளத் தட்டுனாரு.

"நீங்களும் நல்லாப் பண்ணீங்க மாப்ளைங்க. கொஞ்சங்கூட அசையவே இல்ல."

அதுக்கப்பறம் நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. புது மோட்டாரு கொக்கியச் சோகமாக்கிருச்சு. வண்டி பட்டுனு வந்துருது. "வாங்க"ன்னு அவரு சொல்லி வாய மூடறதுக்குள்ள ரோட்டு மேல நிக்குது. சூடே ஆவறதில்ல, மரத்தடில உக்கார வேலையில்ல. ஒரு நாள் எங்க வூட்டு வாசப்படில வந்து உக்காந்தாரு.

"பேசவே விட மாட்டேங்குது தம்பி. உனக்கு எப்புடி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

எம் மனசுக்குள்ள எண்ணெ ஊத்துன மாதிரி குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா ரொம்ப நாளைக்கி நிலைக்கல. மனுஷன் வழி கண்டுபுடிச்சுட்டாரு. பொத்தானத் தொட்டு ஒரு சாண் இழுப்பாரு, நிறுத்துவாரு, ஒரு கதை. இன்னொரு சாண், இன்னொரு கதை. எஞ்சின் சத்தத்துல கதை கேக்கலைன்னு யாரோ சொல்ல, எஞ்சினையும் நிறுத்த ஆரம்பிச்சாரு. "அண்ணே, எஞ்சின் ஓடலைன்னா பெரிய மோட்டாரு பேட்டரிய உறிஞ்சிரும்ணே"ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "உனக்குப் பொறாம தம்பி"ன்னாரு. அது என்னவோ உண்மைதான், ஆனா பேட்டரி விஷயமும் உண்மைதான?

இந்தத் தை மாசம், மத்தியானம் சாப்புட்டுட்டுப் படுக்கப் போறேன். மாமனாரு போனு.

"மாப்ளைங்க, வண்டி மாட்டிக்கிச்சுங்க."

எனக்கு இப்பல்லாம் புல்லரிக்கறதில்ல. "சரிங்க மாமா, கொக்கிகிட்ட சொல்லிடறேன்"னேன், லுங்கியோடயே எந்திரிச்சு.

"கொக்கி எம் பக்கத்துலதாங்க நிக்கறாரு. நீங்க வாங்க."

நான் சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போனது எனக்கே அங்க போனப்பறந்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் காரிமங்கலம் சந்தைக்குப் போயிட்டு, கத்திரிக்கா நாத்தோட திரும்பியிருக்காங்க. பஸ்ஸுக்கு வழி விட எறங்குன ஜீப்பு, தண்ணி பாச்சுன மரவள்ளிக் காட்டுல எறங்கிருச்சு. கொக்கி கயித்தப் புளிய மரத்துல கட்டித் தன்னத்தானே இழுக்க ஆரம்பிச்சிருக்காரு. மாமனாருக்குக் கதை கேக்கணும்னு எஞ்சின நிறுத்தியிருக்காரு. மூணாவது கதையில பேட்டரி போச்சு.

கொக்கி வரப்புல நிக்கறாரு. தோள்ல பெல்ட்டு. எம் மூஞ்சியப் பாக்காம மரத்தப் பாக்கறாரு. "மாமா வேற யாரையாவது கூப்புடலாம்னாரு. நம்ம ஆளு இருக்கறப்ப எவனக் கூப்புடறதுன்னு நான்தான் சொன்னேன்"னாரு.

பாத்தீங்களா, மாமனாரோட அந்த ஒரு அழைப்பையும் அவருதான் வாங்கித் தர வேண்டியிருந்துச்சு.

எம் பேட்டரில இருந்து ஒரு ஒயரு குடுத்தாலே போதும், அவரே ஏறிருவாரு. அத நான் சொல்லல. கொக்கிய எடுத்து ஜீப்புல கோத்தேன். கயித்துக்குச் சாக்கப் போத்துனேன். எஞ்சின் ஓட ஓட, பொத்தானத் தொட்டு ஒரு சாண் இழுத்தேன். நிறுத்துனேன். காட்டுக்காரரு மோரு கொண்டாந்தாரு, வாங்கிக் குடிச்சேன். ஜீப்பப் பாத்து, "வாங்க... எந்திரிங்க... அவசரமில்ல"ன்னேன்.

"சாமிகிட்ட வேண்டற மாதிரி சொல்லாத தம்பி, சம்பந்திகிட்ட சொல்ற மாதிரி சொல்லு"ன்னாரு கொக்கி. அப்பறம் பெல்ட்ட விரிச்சு மரத்தடில உக்காந்துக்கிட்டு, பாதில விட்ட கதைய மாமனாருக்கு மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. நானும் போயி மாமனாரு பக்கத்துல உக்காந்தேன். அவரு கொஞ்சம் தள்ளி எடம் குடுத்தாரு.

இருட்டப் போற நேரத்துலதான் ஜீப்பு ரோட்டுக்கு வந்துச்சு. சுமையில ஒரு கைன்னு சொல்லி கொக்கி எனக்கு ஒரு கட்டு கத்திரிக்கா நாத்தக் குடுத்தாரு. வூட்டுக்கு வந்தா எங்க வூட்டம்மா வாசல்லயே நிக்கறா. "ரெண்டு நிமிஷத்துல இழுக்கற ஆளு, இத்தன நேரம் என்னங்க பண்ணீங்க?"ன்னு கேட்டா.

என்னத்தச் சொல்றது? வண்டி வெளிய வந்துட்டா ரெண்டு பேரும் ஏறி உக்காந்து போயிருவாங்களே.